பவளத்தைக் காக்க எலி பிடிப்பவர்கள்

கடல் ஆராய்ச்சியாளர் என்றதும் நமக்குத் தோன்றும் படம் ஒன்றுதான்: முதுகில் சிலிண்டர், காலில் துடுப்பு, சுற்றிலும் நீலத் தண்ணீர். (அந்தச் சிலிண்டரில் ஆக்சிஜன் இருப்பதாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நாம் மூச்சுவிடும் காற்றேதான், அழுத்தி அடைத்தது.) படம் பொய்யில்லை. ஆனால் இதே துறையில் இன்னொரு வேலை இருக்கிறது, அதை யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள். தென்னங்காட்டுக்குள் குனிந்து போய், மரத்தில் கட்டி வைத்த மெழுகுக் கட்டியை எடுத்து, அதில் எலிப் பல் பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாள் அடுத்த வரிசை மரங்கள். அதற்கு மறுநாள் அதற்கடுத்த வரிசை. இதெல்லாம் பவளப்பாறையைக் காப்பாற்றத்தான் என்றால் நம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். டீ வரட்டும், முதலிலிருந்து சொல்கிறேன்.

கடற்பறவை சாப்பிடுவது ஓர் இடம், கழிப்பது இன்னோர் இடம். மொத்த விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஆலா, பூபி போன்ற பறவைகள் குஞ்சுக்கு இரை தேடித் திறந்த கடலில் வெகுதூரம் போகும். அங்கே பறக்கும் மீனையும் கணவாயையும் பிடித்துத் தின்றுவிட்டுத் தீவுக்குத் திரும்பி எச்சமிடும். நடுக்கடல் மீனுக்குள் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் இப்படி வான்வழியாகத் தீவுக்கு வந்து சேர்கின்றன. மழை அதைக் கரைத்து மணல் வழியாகக் கரையோரக் கடலுக்குள் இறக்குகிறது. வெப்பமண்டலத் தீவுகளைச் சுற்றியுள்ள தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கிறதே, அந்தத் தெளிவே அதில் சத்து குறைவு என்பதற்கு அடையாளம். அப்படிப்பட்ட தண்ணீரில் வாழும் பாசிக்கும் கடற்பஞ்சுக்கும் பவளத்துக்கும் இந்த எச்சக் கரைசல் பெரிய வரவு.

இந்தக் கணக்கைக் கெடுப்பது எலி. கப்பலில் ஒளிந்து வந்து இறங்கிய கருப்பு எலிதான் பெரும்பாலான இடங்களில் குற்றவாளி. உலகின் தீவுக்கூட்டங்களில் ஐந்தில் நான்குக்கும் மேல் ஏதோ ஒரு வகை எலி குடியேறிவிட்டது. பாலூட்டி எதிரியையே பார்த்திராத பறவைகள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் முட்டையிடும். பல இனங்கள் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முட்டைதான். எலியோ மூன்று வாரத்தில் குட்டி போடும், அந்தக் குட்டி சில மாதங்களில் தாயாகிவிடும். முட்டையும் குஞ்சும் போனால் பறவை அந்தத் தீவை விட்டே போய்விடும். பறவை போனால் எச்சம் போகும். எச்சம் போனால் கடலுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த வரவு நின்றுவிடும்.

காகிதத்தில் இது சரியாகத்தான் தெரிகிறது. உண்மையா என்று எப்படிச் சோதிப்பது? அதற்கு ஒரே கடல், ஒரே வெயில், ஒரே மழை உள்ள இடத்தில் எலி உள்ள தீவும் எலி இல்லாத தீவும் அருகருகே வேண்டும். அப்படி ஓர் இடம் இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கிறது. மாலத்தீவுக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, சாகோஸ். ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்னத் தீவுகள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து இங்கே தென்னந்தோப்பு போட்டார்கள். பிற்பாடு இந்தியாவிலிருந்தும் கூலிகள் வந்தார்கள். கொப்பரை ஏற்ற வந்த கப்பல்களோடு எலியும் வந்தது. ஆனால் எல்லாத் தீவுக்கும் போகவில்லை. வேண்டுமென்றே யாரும் செய்ய முடியாத ஒரு பரிசோதனையை வரலாறு தானாகச் செய்து வைத்திருந்தது.

பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக் கிரகாமும் அவருடைய குழுவினரும் எலியுள்ள ஆறு தீவுகளையும் எலியில்லாத ஆறு தீவுகளையும் ஒப்பிட்டு, 2018ல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். எலியில்லாத தீவுகளில் பறவைகளின் அடர்த்தி 760 மடங்கு அதிகம். அங்கே எச்சத்தின் வழியாகச் சேரும் நைட்ரஜன் 251 மடங்கு. முதல்முறை படிக்கும்போது அச்சுப்பிழையோ என்று சந்தேகம் வரும். எலியுள்ள தீவுகளில் பறவை அநேகமாக இல்லவே இல்லை என்றால் மடங்குக் கணக்கு இப்படித்தான் ஏறும்.

நைட்ரஜன் தீவில் விழுந்தது, சரி. அது கடலுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு என்ன சாட்சி? லஞ்ச ஒழிப்புப் போலீசார் நோட்டில் ரசாயனம் தடவிக் கொடுத்தனுப்பி, வாங்கியவரின் விரலைக் கரைசலில் நனைத்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா? இயற்கையே நைட்ரஜனில் அப்படி ஒன்றைத் தடவி வைத்திருக்கிறது. நைட்ரஜன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் எடை 14. ஆயிரத்தில் நான்குக்கும் குறைவானவற்றுக்கு மட்டும் எடை 15. ஓர் உயிரை இன்னோர் உயிர் தின்னும் ஒவ்வொரு படியிலும் இந்தக் கனமான நைட்ரஜனின் பங்கு கொஞ்சம் கூடும். கடற்பறவை உணவுச் சங்கிலியில் மேலே இருப்பதால் அதன் எச்சத்தில் இது தூக்கலாகவே இருக்கும். ஆகவே மண்ணைச் சோதித்தார்கள், செடியின் இலையைச் சோதித்தார்கள், பிறகு தண்ணீருக்குள் இறங்கிக் கடற்பஞ்சையும் பாசியையும், கடைசியாக டாம்செல் என்ற சின்ன மீனின் தசையையும் எடுத்துச் சோதித்தார்கள். எலியில்லாத தீவுகளின் பக்கம், கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளியும்கூட, எல்லார் விரலும் சிவந்தது.

மீனின் வயதையும் பார்த்தார்கள். மீன் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை மெல்லிசாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் வருடத்துக்கு ஒரு வரி தெரியும். வரியை எண்ணி உடல் நீளத்தோடு ஒப்பிட்டதில், பறவைத் தீவின் மீன்கள் அதே வயதில் பெரிதாக இருந்தன. மொத்த மீன் எடை 48 சதவீதம் அதிகம். பவளத்தின் மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று இடத்தைச் சுத்தமாக வைக்கும் கிளி மீன்களின் மேய்ச்சல் மூன்று மடங்கு.

இந்த இடத்தில் கவனமான வாசகர் ஒரு கேள்வி கேட்பார், கேட்க வேண்டும். சாக்கடையும் உரமும் கடலில் கலந்தால் பவளம் செத்துப்போகும் என்று இத்தனை நாள் சொன்னீர்களே, பறவை எச்சமும் அதே நைட்ரஜன்தானே? நைட்ரஜன் அதேதான், ஆனால் வருகிற கூட்டாளிகள் வேறு. வயல் உரமும் கழிவுநீரும் வரும்போது பெரும்பாலும் நைட்ரஜன் மட்டும் அளவுக்கு மீறி வருகிறது. கூடவே வண்டல், கிருமி, ரசாயனம் எல்லாம் சேர்ந்து வருகின்றன. எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பவளத்துக்கு ஏற்ற விகிதத்தில் இருக்கின்றன. பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசிகளுக்கு இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் மிகையாகி மற்றது குறைந்தால், வெயில் காலத்தில் பவளம் சீக்கிரம் வெளுத்துப்போகும்.

டாம்செல் மீனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த பகுதி இது. இந்தக் குடும்பத்தில் ஓர் இனம் விவசாயி. பவளக் கிளைகளுக்கு நடுவே ஒரு துண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கே வளரும் பாசியைத் தனக்கென்று காவல் காக்கும். வேறு மீன் வாய் வைத்தால் துரத்திக் கடிக்கும். 2023ல் வந்த ஆய்வு ஒன்று, எலியுள்ள தீவுகளின் பக்கம் இந்த மீன்கள் சண்டை போடுவது குறைவு என்று கண்டது. ஒவ்வொன்றும் வளைத்துப் போட்டிருக்கும் இடம் பெரிது, ஆனால் அங்கே விளையும் பாசியில் சத்தில்லை. அதற்காக அடித்துக்கொள்வதில் லாபமில்லை. தென்னை மரத்தில் ஓடும் எலி, தண்ணீருக்கடியில் ஒரு மீனின் குணத்தையே மாற்றியிருக்கிறது.

எலியைப் பிடித்தால் பவளம் பிழைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2015-16ல் கடல் சூடேறியபோது சாகோஸின் பவளங்கள் பெருமளவு செத்தன. எலியுள்ள தீவு, எலியில்லாத தீவு என்று வெப்பம் பாகுபாடு பார்க்கவில்லை. வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பறவைத் தீவுகளின் பக்கம் சுண்ணாம்புப் பாசி பெருகியது. குஞ்சுப் பவளம் வந்து ஒட்டிக்கொள்ள அதுதான் நல்ல பிடிமானம். கசாண்ட்ரா பென்க்விட் தலைமையிலான குழு 2023ல் சொன்னது இன்னும் தெளிவானது: பறவைகள் நிறைந்த தீவுகளின் பக்கம் கிளைப் பவளம் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் வளர்கிறது, வெளுப்புக்குப் பிறகு மீண்டு எழுவது சுமார் பத்து மாதம் முன்னதாக நடக்கலாம். ஒரு வெப்ப அலைக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும் காலத்தில் பத்து மாதம் சின்ன விஷயமில்லை. ஆனால் அது அவகாசம் மட்டுமே.

சரி, எலியை ஒழிப்பது எப்படி? இங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது, இன்னொரு டீயும் தேவைப்படும்.

பொறி வைத்துப் பிடிப்பது பெரிய தீவில் நடக்காது. கடைசி எலி வரை போக வேண்டும். தொண்ணூற்றொன்பது சதவீதம் பிடித்தாலும் தோல்விதான், மிச்சமுள்ளவை இரண்டொரு வருடத்தில் பழைய கணக்கை நிரப்பிவிடும். அதனால் விஷம். பெரும்பாலும் பிரோடிஃபாகூம் என்ற மருந்து, ரத்தம் உறைவதைத் தடுப்பது. நம் கடைகளில் எலிக்கட்டியாக விற்பவற்றில் சில இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் கழித்துத்தான் சாகும். எலி சந்தேகப் பிராணி. புதுத் தீனியைக் கொஞ்சம் தின்று பார்த்து, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த முறை தொடாது. நாள் கழித்து வரும் சாவுக்கும் அன்று தின்ற தீனிக்கும் அதனால் முடிச்சுப் போட முடிவதில்லை.

சின்னத் தீவானால் காட்டுக்குள் நேர்க்கோடுகளாக வழி வெட்டி, அளந்த தூரத்துக்கு ஒரு பிடி என்று கையால் தூவுவார்கள். பெரிய தீவானால் ஹெலிகாப்டரில் தொங்கும் வாளி. எலியின் நடமாட்ட எல்லை சின்னது. தூவலில் ஒரு கீற்று விட்டுப்போனால் அதற்குள்ளேயே வாழ்ந்து தப்பித்துவிடும். வெப்பமண்டலத் தீவில் இன்னொரு தொல்லை, நண்டு. தேங்காய் நண்டும் மற்ற நில நண்டுகளும் இரவோடு இரவாக மருந்தைத் தின்று தீர்த்துவிடும். அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, நம்மைப் போன்ற முதுகெலும்பிகளின் ரத்த உறைவு முறை நண்டுக்குக் கிடையாது. ஆகவே நண்டுக்கும் சேர்த்துப் பந்தி போட வேண்டும். தேங்காய் வருடம் முழுக்கக் கிடைப்பதால் எலிக்குப் பஞ்ச காலம் என்று ஒன்று இல்லை, குட்டி போடுவதும் நிற்பதில்லை. குளிர்ப் பிரதேசத் தீவுகளைவிட வெப்பமண்டலத் தீவுகளில் தோல்வி அதிகமாக இருப்பது இதனால்தான். சாகோஸிலேயே ஈகிள் தீவில் 2006ல் செய்த முயற்சி தோற்றது. 2014ல் வாஷ் மரீன் என்ற சின்னத் தீவில்தான் முதல் வெற்றி கிடைத்தது.

தோல்விகளில் மனதை உறுத்துவது தென் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவு. 2011ல் ஹெலிகாப்டர்களில் மருந்து தூவினார்கள். அறுபதிலிருந்து எண்பது எலிகள் மட்டும் தப்பியிருக்க வேண்டும் என்று பிறகு மரபணுவை வைத்துக் கணக்கிட்டார்கள். அந்தச் சில டஜன், மீண்டும் பல்லாயிரமாகிவிட்டது.

வெற்றி வந்தால் எதிர்பாராத வரவும் சேர்ந்து வரும். பசிபிக்கில் பால்மைரா என்ற பவளத் தீவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையோடு வந்த எலிகளை 2011ல் ஒழித்தார்கள். பிற்பாடு பார்த்தால் புலிக் கொசுவும் காணாமல் போயிருந்தது. டெங்கு, சிக்குன்குனியா பரப்புகிற அதே கொசு. அதற்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது எலிகள்தாம். எலி போனதும் கொசுவுக்குச் சோறு போயிற்று.

எலியைக் கொல்வதைவிடக் கடினம், எலி இல்லை என்று நிரூபிப்பது. இருப்பதைக் காட்ட ஒரு புழுக்கை போதும். இல்லாததைக் காட்ட என்ன செய்வது? வேர்க்கடலை வெண்ணெய் கலந்த மெழுகுக் கட்டிகளை வைத்துப் பல் தடம் தேடுவார்கள். மைத்தட்டு வைத்த குழாய்களில் கால் தடம் தேடுவார்கள். மோப்ப நாய்களை நடத்திப் பார்ப்பார்கள். வழக்கமாக இரண்டு வருடம் கழித்துத்தான் அறிவிப்பு வரும். அண்டார்டிகாவுக்குப் பக்கத்தில் தெற்கு ஜார்ஜியா தீவில் 2011, 2013, 2015 என்று மூன்று கோடைகளில் 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் மருந்து தூவினார்கள். எலியில்லாத தீவு என்று அறிவித்தது 2018ல். நடுவிலுள்ள வருடங்கள் முழுக்கக் காத்திருப்பும் தேடலும்தான்.

ஒரே ஓர் எலி எவ்வளவு தண்ணி காட்டும் என்பதற்கு நியூசிலாந்தில் ஓர் ஆதாரம் உண்டு. 2004ல் ஜேம்ஸ் ரசல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் எலியே இல்லாத ஒரு குட்டித் தீவில், கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டிய ஓர் ஆண் எலியை வேண்டுமென்றே விட்டார்கள். எவ்வளவு சீக்கிரம் பிடிக்க முடியும் என்று பார்க்கத்தான். பொறிக்கும் சிக்கவில்லை, நாய்க்கும் சிக்கவில்லை. பத்து வாரத்துக்குப் பின் அது 400 மீட்டர் திறந்த கடலை நீந்தி அடுத்த தீவுக்குப் போய்விட்டது. அங்கே கிடைத்த புழுக்கையின் மரபணுவை வைத்துத்தான் அதே எலி என்று உறுதி செய்தார்கள். விட்ட நாளிலிருந்து பதினெட்டு வாரம் கழித்து, பென்குயின் இறைச்சி வைத்த பொறியில் விழுந்தது. தாங்களே விட்ட, ரேடியோ மாட்டிய எலிக்கே இந்தப் பாடு.

விஷம் வைத்துக் கூட்டமாகக் கொல்வது எனக்கும் உவப்பான விஷயமில்லை. எலிக்கு அது வலியில்லாத சாவும் அல்ல. மருந்தைத் தின்ற எலியைத் தின்று வேறு பறவைகளும் சில சாகத்தான் செய்கின்றன. ஆனாலும் ஒரு தலைமுறை எலியைக் கொல்வதா, நூறு வருடமாக ஒவ்வொரு பருவமும் கூட்டிலேயே சாகும் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்று வந்தால், என் ஓட்டு முதலாவதற்கே. கொண்டுபோய் விட்டது மனிதன் என்பதால் எடுக்கும் பொறுப்பும் அவனுடையது.

பொறுப்பு என்று பேசும்போது சாகோஸின் மனிதர்களைத் தாண்டிப் போக முடியாது. அங்குள்ள டியகோ கார்சியா தீவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைப்பதற்காக 1968க்கும் 1973க்கும் நடுவே, சாகோஸைத் தன் கையில் வைத்திருந்த பிரிட்டன் அங்கிருந்த மக்கள் அத்தனை பேரையும் மொரீஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் வெளியேற்றியது. அவர்களுடைய வளர்ப்பு நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். எலிகள் அப்படியே இருந்தன. 2010ல் பிரிட்டன் அந்தக் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தபோது, மக்கள் திரும்பி வராமல் தடுக்கத்தான் இந்தப் பாதுகாப்பு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2015ல் சர்வதேச நடுவர் மன்றம் அந்த அறிவிப்பு மொரீஷியஸின் உரிமையை மீறிச் செய்யப்பட்டது என்று தீர்ப்பளித்தது. தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2025 மே மாதம் கையெழுத்தானது. அங்கே நடந்த அறிவியல் நல்ல அறிவியல். மனிதரற்ற கடலாக அது எப்படி ஆனது என்பதைச் சொல்லாமல் அந்த அறிவியலை மட்டும் புகழ்வது அரைக்கதை.

தமிழர்களுக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்கள் பல டஜன் பேர், குழந்தைகளோடு, கனடா போகக் கிளம்பிய மீன்பிடிப் படகு வழியில் தத்தளிக்க, டியகோ கார்சியாவில் கரையேற்றப்பட்டார்கள். மூன்று வருடத்துக்கும் மேல் அங்கே கூடாரங்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். கூடாரத்துக்குள் எலி புகுந்து கூடு கட்டுவது அவர்கள் சொன்ன புகார்களில் ஒன்று. 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானவர்களை பிரிட்டனுக்கு அழைத்துப் போனார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே சொன்னது.

கடல் உயிரியல் படிக்க வேண்டும் என்று வீட்டில் பிள்ளை அடம் பிடித்தால், தடுக்காதீர்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது, மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது, தூத்துக்குடியில் மன்னார் வளைகுடாப் பவளங்களைப் பல வருடமாகக் கவனித்துவரும் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நீச்சல் கற்றுக்கொடுங்கள், அவசியம். அதைவிட அவசியம் புள்ளியியல். கூடவே ஒரு வேலையையும் கொடுத்துப் பாருங்கள்: ஏதாவது ஒரு மரத்தடியில் தினமும் ஒரே நேரத்தில் போய் நின்று, அங்கே வந்த பறவைகளை ஆறு மாதம் எழுதி வரச் சொல்லுங்கள். ஒன்றும் வராத நாளில் 'ஒன்றும் வரவில்லை' என்று மறக்காமல் எழுதுகிற பிள்ளையாக இருந்தால் தைரியமாக விண்ணப்பம் வாங்கலாம்.